பூஞ்சை வீட்டுக்குள் வந்த மழைக்காலம்

காற்றுக்கும் பூஞ்சைக்கும் பேச வாய் இருந்த காலம் அது. பூஞ்சை அப்போது காட்டில்தான் இருந்தது. விழுந்த மரத்தையும் உதிர்ந்த இலையையும் மண்ணாக்குவது அதன் வேலை. வீடுகளின் பக்கம் அது வந்ததே இல்லை.

மலையடிவாரத்தில் மசணனும் அவன் மனைவி கெம்பியும் வாழ்ந்தார்கள். அவர்களுக்கு நஞ்சி என்று மூன்று வயது மகள். அந்த வருஷம் பிடித்த மழை இருபது நாளாகியும் விடவில்லை. சன்னல் வழியே வந்த காற்றில் குழந்தை நடுங்கிக்கொண்டே இருந்தாள். மசணனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

நனைந்த விறகோடு ஒட்டிக்கொண்டு வந்த பூஞ்சை, வாசலில் கிடந்தபடி பேச்சுக் கொடுத்தது.

"அண்ணே, காட்டில் வெள்ளம் ஓடுது. ஒரு மூலை கொடுத்தால் போதும். சோறு வேண்டாம், பாய் வேண்டாம்."

"சரி, இருந்துட்டுப் போ."

"காற்றுதான் எனக்கு ஆகாது. பிள்ளைக்கும் ஆகவில்லை போலிருக்கே. அந்தச் சன்னலை அடைச்சிடேன்."

மசணன் களிமண்ணைக் குழைத்தான். வெளியே நின்ற காற்று பதறியது.

"வேண்டாம் மசணா! உள்ளே சேருகிற ஈரத்தை நான் வந்துதானே எடுத்துப் போகிறேன்?"

"என் பிள்ளையை நடுங்க வைத்ததும் நீதானே?" என்றபடி கடைசிப் பிடி மண்ணையும் அப்பினான் அவன்.

வீடு கதகதப்பானது. நஞ்சி அயர்ந்து தூங்கினாள். நான்காம் நாள் கெம்பிக்கு ஏதோ வாடை அடித்தது. பானையை முகர்ந்தாள், பாயை முகர்ந்தாள். பிடிபடவில்லை. ஓரிடத்தில் உட்கார முடியாமல் வீட்டையே சுற்றிச் சுற்றி வந்தாள். நஞ்சி படுக்கும் இடத்துச் சுவரில் ஒரு கறுப்புப் புள்ளி. துடைத்தாள். மறுநாள் அது உள்ளங்கை அகலம் இருந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்தாள். அதற்கடுத்த நாள் தலையணை வரை இறங்கியிருந்தது. நஞ்சி இருமத் தொடங்கினாள். மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் சீழ்க்கைச் சத்தம் கேட்டது.

"என் பிள்ளையை என்ன செய்தாய்?" என்று கத்தினாள் கெம்பி.

"ஒன்றும் செய்யலையே, அக்கா," என்றது பூஞ்சை மெதுவாக. "ஈரம் இருந்தால் வளர்வேன். என் தூள் பறக்கும். அவள் மூச்சோடு உள்ளே போயிருக்கும்."

கெம்பி உலக்கையை எடுத்தாள்.

"குளிரடிக்கும், கெம்பி!" என்றான் மசணன்.

"குளிருக்குக் கம்பளி போர்த்தலாம். மூச்சுக்கு எதைப் போர்த்துவது?"

மூன்றே அடியில் மண் உடைந்து விழுந்தது. கோபம் எதுவும் காட்டாமல் காற்று உள்ளே வந்தது. அதன் பின்னாலேயே, இத்தனை நாளாகக் காணாத வெயிலும் ஒரு கீற்றாக வந்தது. பூஞ்சை சுருங்கி, பெட்டிக்குப் பின்னால் ஒதுங்கியது.

"காட்டுக்கே போய்விடு," என்றான் மசணன்.

"இருக்கச் சொன்னது நீதானே, அண்ணே? வீட்டுக்கு வழி தெரிந்துவிட்டது. இனி எங்கே ஈரம் தங்குதோ அங்கே வருவேன்."

நஞ்சி பிழைத்துக்கொண்டாள். ஆனாலும் மழை பிடிக்கும்போதெல்லாம் அவளுக்கு இழுப்பு வந்தது. மசணன் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து, சன்னல் திறந்திருக்கிறதா என்று கை நீட்டிப் பார்ப்பான்.

அதற்குப் பிறகுதான் பூஞ்சை மனிதர் வீட்டு மூலைகளில் குடியேறியது. மழை விட்டு முதல் வெயில் எட்டிப்பார்த்ததும் பாயையும் தலையணையையும் வாரிக்கொண்டு நாம் வெளியே ஓடுவதும் அன்றைக்குத் தொடங்கியதுதான்.