வடை எண்ணெயும் புது வண்டியும்

வடை சுட்டு மிஞ்சின எண்ணெயில் கார் ஓடுமா, சொல்லுங்கள் பார்ப்போம்?

ஓடும். மலை மேல் வேதவல்லியம்மா ஆசிரமத்தில் ஒரு பழைய ஜீப் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி அங்கே வருகிறவர்களுக்கெல்லாம் சாப்பாட்டோடு வடையும் போடுவார்கள். மிஞ்சும் பாமாயிலைப் பரஞ்சோதி வடிகட்டி, சூடாக்கி, மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் கலந்து, அடியில் தங்கும் கசண்டை இறக்கிவிட்டு, மேலே தெளிந்ததை ஜீப்புக்கு ஊற்றுவார். அதற்குப் பயோடீசல் என்று பேர். ஜீப் போகிற வழியெல்லாம் வடை வாசம் அடிக்கும். பிள்ளைகள் பின்னாலேயே ஓடிவந்து, "சட்னி எங்க சாமி?" என்பார்கள்.

பரஞ்சோதி சர்க்கரை ஆலையில் கெமிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மாவுக்கு அவரைவிட வயது ரொம்பக் குறைவு. இவர் அம்மா என்பார், அவர் ஐயா என்பார். சிஷ்யர் மூத்தவர், குரு இளையவர் என்பதில் அங்கே யாருக்கும் சங்கடம் இல்லை. சங்கடமெல்லாம் பரஞ்சோதி எண்ணெயைப் பற்றிப் பேச ஆரம்பித்தால்தான். சமையற்கட்டே ஒவ்வொருவராகக் காலியாகிவிடும்.

ஜீப்புக்கு வயசாகிப் படுத்துவிட்டது. ஒரு பக்தர் புது டீசல் கார் வாங்கிக் கொடுத்தார். டேங்க் மூடிக்கு உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர். பயோடீசல் நூற்றுக்கு ஏழு பங்குக்கு மேல் கூடாது என்று போட்டிருந்தது. அது கண்டபடி காய்ச்சுகிறவர்களுக்குச் சொன்னது என்று பரஞ்சோதி எடுத்துக்கொண்டார். இருந்தாலும் அம்மாவை ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்று, சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டோடு போய் நின்றார். தட்டில் கேழ்வரகுக் களி.

"புது வண்டிக்கு நம்ம எண்ணெயை முழுசா ஊத்தலாமா அம்மா?"

அம்மா பாய்ப் பக்கம் திரும்பினார். சமையல் பார்க்கும் அலமேலுவின் கைக்குழந்தை பாயில் கிடந்து காலை உதைத்துக்கொண்டிருந்தது.

"அந்தக் களியில ஒரு வாய் இவனுக்கு ஊட்டுங்க ஐயா."

"பால் குடிக்கிற பிள்ளைக்கா? வயிறு என்னத்துக்கு ஆகும்!"

"களி கெட்டதா?"

"களி நல்லதுதான்."

"பிள்ளை சீக்காளியா?"

"அதுவும் இல்லை."

அம்மா சிரித்துக்கொண்டே எழுந்து போய்விட்டார்.

பரஞ்சோதி மீதிக் களியைச் சாப்பிட்டபடியே யோசித்தார். புரிந்துவிட்டது. அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை, இப்போது வேண்டாம் என்கிறார். பிள்ளை வளரட்டும் என்கிறார். ஆகவே காரைக் கொஞ்ச நாள் பங்க் டீசலிலேயே ஓட்டினார். மார்கழி பிறந்தது. ஒரு நாள் அலமேலு தன் பிள்ளைக்குக் கேழ்வரகுக் கூழ் ஊட்டுவதைப் பார்த்தார். பார்த்த கையோடு போய்த் தன் எண்ணெயால் டேங்கை நிறைத்தார்.

அன்று மத்தியானம் நல்ல வெயில். கடைத்தெரு வரைக்கும் போய்வந்தார். வண்டி ஒரு முனகல் இல்லாமல் ஓடியது.

அடுத்த நாள்தான் மலையூர்ப் பெண் சுகந்திக்குப் பரீட்சை. அரசாங்க வேலைக்கான பரீட்சை, கீழே டவுனில். ஊரில் அதை எழுதும் மற்றவர்கள் முந்தின நாளே இறங்கி லாட்ஜில் தங்கிவிட்டார்கள். சுகந்தியின் அப்பா வெள்ளையன் பெண்ணை வெளியே தங்க விடமாட்டார். முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. பரஞ்சோதிதான் அவர் வீடு தேடிப் போய், நம்ம காரில் நானே கொண்டுபோய் விடுகிறேன், கவலையை விடுங்கள் என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

"இந்த ஒரு தடவைதான் சாமி," என்றார் வெள்ளையன். "இதுல ஆகலேன்னா தையில கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லியாச்சு."

விடியும் முன்னே கிளம்பினார்கள். கண்ணாடியெல்லாம் பனி. வண்டி உடனே கிளம்பியது. சுகந்தி பின்சீட்டில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வாய்க்குள் எதையோ சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். பாதி மலை இறங்குவதற்குள் ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒரு மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. வண்டி இழுக்கவில்லை. ஒரு வளைவு தாண்டி நின்றேவிட்டது.

பாமாயில் குளிரில் உறையும் என்பது பரஞ்சோதிக்குத் தெரியாததா? மார்கழியில் ஜீப்புக்கு வெந்நீர் ஊற்றி, வெயில் ஏறட்டும் என்று உட்கார்ந்திருப்பார்கள். ஜீப்புக்கு என்றைக்கும் அவசரம் இருந்ததில்லை. அவருக்கும் அதனால் அது ஒரு குறையாகவே தோன்றியதில்லை.

சுகந்தி கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி ஓடினாள். அவருடைய முழங்காலுக்கு அந்த ஓட்டம் ஆகாது. வெகுதூரம் கீழே அவள் ஒரு வாழைக்காய் லாரியைக் கை காட்டி நிறுத்துவது வளைவுக்கு மேலிருந்து தெரிந்தது.

அவர் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது பரீட்சையே முடிந்திருந்தது. சுகந்தி பள்ளிக்கூட மதில் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அவள் போவதற்குள் கேட்டைச் சாத்திவிட்டார்கள். வெளியே வந்தவர்களில் யாரிடமோ வினாத்தாளை வாங்கி, ஒவ்வொரு கேள்வியாக டிக் அடித்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் தெரிஞ்சதுதான் சாமி," என்றாள்.

அழுதிருந்தாலாவது அவர் ஏதாவது சொல்லியிருப்பார்.

காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போன மெக்கானிக் பில்டரைத் திறந்து காட்டினார். உள்ளே நெய் மாதிரி வெள்ளையாகக் கட்டியிருந்தது. புது வண்டிக்கெல்லாம் சல்லடை ரொம்ப மெல்லிசு, பங்க் டீசலோடு கொஞ்சமாகக் கலந்தால் தாங்கும், முழுசாக ஊற்றினால் வெயில் ஊரிலேயே நாளாவட்டத்தில் இன்ஜெக்டரைக் கெடுக்கும் என்றார். அப்படி மிச்சம் பிடித்து என்ன ஆகப்போகிறது என்றும் கேட்டார்.

அதற்குப் பிறகு பரஞ்சோதி பேசாத இடமில்லை. எண்ணெயில் ஒரு குற்றமும் கிடையாது. அன்றைக்கென்று பனி. சல்லடை அப்படி. ஜீப்பில் அதே எண்ணெய் ஓடவில்லையா? அலமேலுவிடம் சொன்னார், பௌர்ணமிக்கு வந்தவர்களிடம் சொன்னார். வெள்ளையன் வீட்டுத் தெருப்பக்கம் மட்டும் போகவில்லை. அங்கே ஜவுளி எடுக்கப் போகிறார்கள் என்று அலமேலு சொன்ன அன்றைக்குத்தான் அம்மாவிடம் வந்து உட்கார்ந்தார்.

"நம்ம எண்ணெய் நல்ல எண்ணெய்தானே அம்மா?"

"நல்ல எண்ணெய்தான்."

"அப்போ நான் என்ன தப்பு செஞ்சேன்? நீங்க சொன்ன மாதிரி, பிள்ளை கூழ் குடிக்கிற வரைக்கும் பொறுத்துத்தானே ஊத்தினேன்?"

அம்மா நிமிர்ந்து பார்த்தார். அவர் எப்படிப் புரிந்துகொண்டிருக்கிறார் என்பது அப்போதுதான் அம்மாவுக்கு விளங்கியது.

"வேண்டாம்னு அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும் ஐயா. அழகாச் சொல்லணும்னு ஆசைப்பட்டுட்டேன்."

அம்மா தலை குனிந்து பரஞ்சோதி பார்த்ததில்லை. "இல்லம்மா, அதுக்குள்ள இருந்த அர்த்தம்..." என்று இழுத்தார்.

"அர்த்தத்தை விடுங்க. அந்த வீட்டுக்கு நீங்களும் போகலை, நானும் போகலை."

"போய் என்னன்னு சொல்றது?"

"எனக்கும் தெரியலை. நீங்க எண்ணெயைப் பத்திப் பேசாதீங்க. நான் கதை சொல்லலை. வாங்க, போவோம்."

வெள்ளையன் வாசலில் பாயில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தார். அம்மாவே வந்திருப்பதைப் பார்த்துப் பதறி இன்னொரு பாயை உதறி விரித்தார். சுகந்தி இரண்டு பேருக்கும் காபி கொடுத்துவிட்டு உள்ளே போனாள். ஆனால் கதவை விட்டு அந்தப் பக்கம் போகவில்லை. வெள்ளையன் மிளகு விலையைச் சொன்னார், மழையைச் சொன்னார். சொல்ல வேறொன்றும் இல்லாமல் போனபோது மெதுவாகக் கேட்டார்.

"அன்னைக்கு வண்டி ஏன் சாமி நின்னுச்சு?"

இத்தனை நாளாக ஊருக்கெல்லாம் சொன்ன பதில் பரஞ்சோதிக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பனி, சல்லடை, ஜீப், எல்லாம் வரிசையாக வந்து நின்றது. அம்மாவைப் பார்த்தார். அம்மா மிளகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னாலதான் நின்னுச்சு," என்றார்.

வெள்ளையன் ஒரு பிடி மிளகை அள்ளினார். கையில் இருந்த மிளகைத் திரும்பவும் பாயில் போட்டார்.

"உங்க பொண்ணு தோக்கலைங்க வெள்ளையன்," என்றார் அம்மா. "எழுதவே இல்லை. அடுத்த வருசம் அவளை எழுத விடுங்க."