நூறு மில்லி

பயிற்சி டாக்டர் ரெஹானா எக்ஸ்ரே படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டினாள்.

"மூத்திரப்பையில ஓட்டை இல்ல மேடம். வார்டுக்கு அனுப்பிடலாமா?"

எக்ஸ்ரே மேசையில் படுத்திருந்தவர் அருளப்பன், டவுன் பஸ் கண்டக்டர். நாலு மணி நேரம் அடக்கிக்கொண்டே டிக்கெட் கிழித்திருக்கிறார். டிரைவர் பிரேக் போட, அடிவயிறு சீட்டுக் கம்பியில் போய் மோதியது. ஆஸ்பத்திரியில் மூத்திரக் குழாய் போட்டதும் ரத்தம் வந்தது. ஓட்டை இருந்து அதைத் தவறவிட்டால் மூத்திரம் வயிற்றுக்குள் கசிந்து ஆளையே கொன்றுவிடும்.

பேராசிரியர் ஆக்னஸ் படத்தைப் பார்க்கவில்லை.

"எவ்வளவு மருந்து விட்டே?"

"நூறு மில்லி."

"முந்நூத்தம்பது சொன்னேனே."

"ரெண்டாவது சிரிஞ்சுலயே கும்பிட்டுட்டார் மேடம். பாவமா இருந்துச்சு."

"விசிலே அடிச்சேன்," என்று முனகினார் அருளப்பன். "அப்புறம்தான் இந்தப் பாப்பா வண்டிய நிறுத்துச்சு."

ஆக்னஸ் சிரிஞ்சை ஒதுக்கினார். எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும் அந்த மருந்தைப் பாட்டிலோடு ஸ்டாண்டில் தொங்கவிட்டுக் குழாயில் இணைத்தார். முக்காலியை இழுத்துப்போட்டுக் கண்டக்டரின் தலைமாட்டில் உட்கார்ந்தார்.

"அண்ணே, பை நிறையணும். நிறைஞ்சாதான் ஓட்டை காட்டிக்கொடுக்கும். வலிக்கும். விடட்டுமா?"

அருளப்பன் கூரையைப் பார்த்தார்.

"ரைட். போகலாம்."

மருந்து தானாக இறங்கியது.

"எந்த ரூட்டுண்ணே?"

"பதினேழு பி."

"முதல் ஸ்டாப்பு?"

"ரயிலடி. அடுத்து பால்பண்ணை. யம்மா... போதும் தாயி."

"பால்பண்ணைக்கு அப்புறம்?"

"மனுஷன் உயிர் போகுது, ஸ்டாப்பு கேக்குது பாரு. கோர்ட்டு வாசல்."

பதினோராவது ஸ்டாப்பில் இறங்கிய மருந்து முந்நூற்றைம்பதைத் தொட்டது.

புதுப் படத்தில் மருந்து பையின் உச்சியைத் தாண்டி, குடல் மடிப்புகளுக்கு நடுவே வெள்ளையாகப் பரவியிருந்தது. அரை மணியில் ஆபரேஷன் தியேட்டர். ஆக்னஸ் ஓட்டையைத் தைக்க, ரெஹானா நூலை வெட்டினாள்.

கை கழுவும்போது கேட்டாள்.

"உங்ககிட்டயும்தானே கெஞ்சினார் மேடம். உங்களுக்குப் பாவமா இல்லையா?"

ஆக்னஸ் சோப்பு நுரையை வழித்துவிட்டு மணிக்கட்டை நீட்டினார். கண்டக்டரின் நாலு நகங்கள் பதிந்த இடம் சிவந்திருந்தது.

"உனக்குப் பாவமா இருந்தப்போ உன் கை எங்க இருந்துச்சும்மா?"

"சிரிஞ்சுல மேடம்."

"மருந்தைத் தாங்கத்தான் ஸ்டாண்டு இருக்கே."