மணி ஓய்வதற்குள்

மலையடிவாரத்தில் ஒரு பெரிய கல்விச்சாலை இருந்தது. ஆண்டுக்கு ஒரு நாள்தான் புதியவர்களைச் சேர்ப்பார்கள். அன்று பொழுது சாய்ந்து கதவைச் சாத்திவிட்டால் அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதுதான்.

சேர்க்கையைக் கவனித்தவர் சாத்தையா. நடுவயதுக்காரர், சாலைத் தலைவி நாச்சியாரின் மூத்த சீடர். வாசலுக்கு வருகிற எல்லோரிடமும் முதலில் ஒரு கேள்வி கேட்பார்.

"உன்னைப் பத்தி நாங்க தெரிஞ்சுக்க வேண்டியது ஏதாவது உண்டா?"

"ஒண்ணுமில்லை ஐயா" என்பார்கள். பிறகு வெண்கல மணியை அடித்துவிட்டுப் பாடத்தில் கேள்வி கேட்பார். மணியின் ரீங்காரம் ஓய்வதற்குள் பதில் வர வேண்டும். அது சாலையின் வழக்கம்.

அந்த ஆண்டு பூங்கோதை என்ற பெண் மட்டும், "உண்டு ஐயா" என்றாள். வானநூல் படிக்க வந்தவள். அவர் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தே பேசினாள்.

"மணிச் சத்தம் கேட்டா எனக்குத் தலைக்குள்ள எல்லாம் கலைஞ்சு போயிடும். பொறந்ததிலேர்ந்தே அப்படித்தான். மணி அடிக்காம கேளுங்க. எத்தனை கேள்வி வேணும்னாலும் பதில் சொல்றேன்."

சாத்தையா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு மணியை அடித்தார்.

தெரியாமல் அடித்திருந்தால் மன்னித்துவிடலாம். கேட்டுக்கொண்டு அடித்தார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பூங்கோதை காதுகளைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ரீங்காரம் ஓய்ந்தது.

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா. அடுத்த ஆள் வாங்க."

"நீங்கதானே ஐயா கேட்டீங்க?" என்றாள் அவள்.

சாத்தையா பதில் சொல்லவில்லை. அவர் பதில் சொல்ல வேண்டும் என்று மணி அடிப்பதற்கு அங்கே யாரும் இல்லை.

மாலையில் நாச்சியாரின் அறைக்குப் போனார். அன்றைய சேர்க்கையைப் பற்றிச் சொன்னார். அந்தப் பெண்ணைப் பற்றியும் சொன்னார்.

"அவளுக்குப் பதில் தெரியலையா?" என்று கேட்டார் நாச்சியார்.

"தெரிஞ்சிருக்கும்மா. வாசல்ல உக்காந்துகிட்டு, ஒவ்வொரு தடவையும் மணி ஓஞ்சப்புறம் மத்தவங்ககிட்ட நான் கேட்ட கேள்விக்கெல்லாம் தனக்குத் தானே பதில் சொல்லிக்கிட்டிருந்தா."

"சரியா சொன்னாளா?"

"சரியாத்தான் சொன்னா. ஆனா அவளுக்கு அடிச்ச மணி ஓஞ்சு போச்சே."

நாச்சியாருக்கு முகம் சிவந்துவிட்டது.

"நட்சத்திரம் பாக்கறவளுக்கு மணி எதுக்கு? நட்சத்திரமா அவளை அவசரப்படுத்தப் போகுது?"

"வழக்கம்மா. ஒவ்வொருத்தருக்கும் ஏத்த மாதிரி வழக்கத்தை மாத்திக்கிட்டே போனா இந்தச் சாலை என்ன ஆகும்?"

"அப்போ முதல் கேள்வியை எதுக்குக் கேக்கறே?"

"அதுவும் வழக்கம்தான்."

"உண்மையைச் சொல்றவங்க யாருன்னு கண்டுபிடிச்சு வெளியே நிறுத்தறதுக்கா?"

நாச்சியார் பக்கத்தில் இருந்த ஓலைச்சுவடியை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"வாசி."

சாத்தையா சுவடியைப் பிரிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். சின்ன வயதிலிருந்தே எழுத்துகள் அவர் கண்ணுக்கு ஒரு இடத்தில் நிற்பதில்லை, ஒன்றின் இடத்துக்கு இன்னொன்று போய்விடும். கற்றது முழுவதும் காதால் கேட்டுக் கற்றது. அது தனக்கு மட்டுமே தெரிந்த சங்கதி என்று இத்தனை காலமும் நினைத்திருந்தார்.

"இங்க ஆசான்தானேம்மா வாசிக்கணும்? சீடன் கேட்டுக்கணும். அது இந்தச் சாலையோட ஆதி வழக்கமாச்சே."

"யார் சொன்னது?"

"நான் வந்த நாள்லேர்ந்து அப்படித்தானே இருக்கு."

"ஆமா" என்றார் நாச்சியார். "நீ வந்த நாள்லேர்ந்துதான்."

சாத்தையா நிமிர்ந்து நாச்சியாரைப் பார்த்தார்.

"அதுக்கு முன்னாடி அவங்கவங்கதான் வாசிச்சாங்க. உன்னைக் கேட்டப்போ நீயும் ஒண்ணுமில்லைன்னுதான் சொன்னே. அது பொய்னு முதல் பாடத்துலயே தெரிஞ்சு போச்சு. அன்னியிலேர்ந்து நானே எல்லாருக்கும் வாசிச்சேன். சாலை ஒண்ணும் இடிஞ்சு விழலையே."

வாசலில் கதவு நகரும் ஓசை கேட்டது. சாத்தையா சுவடியை வைத்துவிட்டு எழுந்து ஓடினார்.

பாதி சாத்திய கதவைப் பிடித்து நிறுத்தினார். பூங்கோதை அப்போதுதான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருந்தாள்.

"கொஞ்சம் நில்லும்மா. உன்கிட்ட மறுபடியும் கேக்கறேன். இந்தத் தடவை மணி கிடையாது." அவருக்கு மூச்சு வாங்கியது. "உன்னைப் பத்தி நாங்க தெரிஞ்சுக்க வேண்டியது ஏதாவது உண்டா?"

அவள் மணியைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லை ஐயா."

சாத்தையா திரும்பிப் பார்த்தார். பின்னால் நாச்சியார் வந்து நின்றிருந்தார்.

"உள்ளே வா தாயி" என்று நாச்சியார் அவள் மூட்டையை வாங்கிக்கொண்டார். பிறகு சீடரிடம் சொன்னார்:

"நீ இன்னிக்கு நடத்தின பாடத்தை அவ நல்லாவே கத்துக்கிட்டா, சாத்தையா. இனிமே அதை மறக்கடிக்கறது உன் வேலை."