பனியில வந்த பதினாறாம் ராஜா

ஒரு குளத்துல முந்நூறு தவளைங்க இருந்துச்சுங்க. குளத்த ஒட்டி, பறங்கிக்காரங்க கட்டுன ஒரு கல்லு வீடு. அங்க ஒரு பாதிரியார் கப்பல்காரங்க பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்துவாரு. என்ன பாடம்? போர்ச்சுக்கல் நாட்டு ராஜாக்கள் பாடம். ஒரு நாளைக்கு ஒரு ராஜா.

ஜன்னல் திறந்தே கெடக்கும். தவளைக்குக் காது நல்லாக் கேக்கும்.

"நம்ம நாட்டோட முதல் ராஜா அல்போன்சு!" அப்படின்னாரு பாதிரியார்.

குளத்துல ஒரே சலசலப்பு.

"அவங்களுக்கு ராஜா இருக்காராம்!"

"நமக்கு என்ன இருக்கு?"

"கொசு இருக்கு."

"கொசுவ ராஜாவாக்க முடியுமா?"

"முடியாது. தின்னுடுவோம்."

அதனால ஒரு தவளையப் பிடிச்சு, முதலாம் அல்போன்சுன்னு பேரு வச்சு, தாமரை இலையில உக்கார வச்சாங்க. ராஜான்னா அவருக்கு மட்டும்னு ஒரு உரிமை வேணுமில்ல? அதையும் குடுத்தாங்க. தண்ணி மேல நாரையோட நிழல் விழுந்தா, "கொர்ர்ர்!"னு ஒரு சத்தம் குடுக்கணும். கேட்டதும் எல்லாரும் தண்ணிக்குள்ள குதிக்கணும். அதுவரைக்கும் நிழலப் பாத்தவங்க யாரா இருந்தாலும் கத்துவாங்க. இனிமே ராஜா மட்டுந்தான் கத்தலாம். மத்தவங்க "வக் வக்"கோட நிறுத்திக்கணும்.

இந்தச் சட்டத்த எடுத்துச் சொன்னது வாய்ப்பந்தல் மாமா. கொசு பிடிக்கறதத் தவிர மத்த எல்லாத்தையும் வாயாலேயே செய்யற தவளை அவரு.

பாதிரியார் தினம் ஒரு ராஜாவச் சொன்னாரு. தவளைங்களும் தினம் ஒரு ராஜாவ மாத்துச்சுங்க. காலையில முடிசூட்டு. பொழுது சாஞ்சா ஆட்சி முடிஞ்சுது. அங்க ராஜா என்ன செஞ்சாரோ அதையே இங்கயும் செய்யணும்.

முதலாம் அல்போன்சு பெத்த தாயோட படையவே எதுத்துச் சண்டை போட்டாராம். தவளை அல்போன்சும் தன் அம்மாகிட்ட சண்டைக்குப் போனாரு. அம்மா ஒரு அறை விட்டாங்க. ஆட்சி முழுக்கக் கன்னம் வீங்கியே நடந்துச்சு.

மூணாவது ராஜா குண்டா இருப்பாராம். அன்னிக்குப் போட்டி பலமா இருந்துச்சு.

எட்டாவது ராஜா பேதுரு, செத்துப்போன தன் பொண்டாட்டிக்குக் கிரீடம் வச்சாருன்னு ஒரு கதை உண்டு. தவளை பேதுரு பொண்டாட்டியப் பாத்தாரு.

"என்ன பாக்குறீங்க?"

"இல்ல, சரித்திரத்துக்காக..."

"சாகவெல்லாம் முடியாது! வேணும்னா செத்த நேரம் தூங்குறேன்!"

தூங்குனாங்க. கிரீடம் வச்சாரு. சரித்திரம் திருப்தியாயிடுச்சு.

ஒன்பதாவது ராஜாவோட ஒரு வம்சம் முடிஞ்சு, பத்தாவதுல வேற வம்சம் ஆரம்பிச்சுதாம். வம்சம்னா என்னன்னு தவளைங்களுக்குப் புரியல. எதுக்கும் இருக்கட்டும்னு எல்லாரும் வடகரையிலேருந்து தென்கரைக்கு மாறிக்கிச்சுங்க.

பதினாறாவது நாளு பாதிரியார் குரலத் தாழ்த்திப் பேசினாரு. "பதினாறாவது ராஜா செபஸ்தியான். இருபத்திநாலு வயசு. கல்யாணம் ஆகல. கடலத் தாண்டிச் சண்டைக்குப் போனாரு. திரும்பி வரல. ஒரு நாள் பனிமூட்டத்துல வருவாருன்னு ஜனங்க காத்திருந்தாங்க. மிச்சத்த நாளைக்குப் பாப்போம்."

மறுநாள் பாதிரியாருக்கு அவசர ஓலை வந்துச்சு. கோவாவுக்குக் கப்பல் ஏறிட்டாரு. ஜன்னலச் சாத்திட்டாங்க.

அந்தப் பதினாறாவது நாளு குளத்துல ராஜா நெட்டக்காலன். கால் நீளம், புத்தி கொஞ்சம் குட்டை. நல்ல பையன். தவளை வாயில செபஸ்தியான்ங்கற பேரு "செவத்தியான்"னுதான் வந்துச்சு. அதனால அவன் செவத்தியான் ராஜா. ரோட்டுக்கு அந்தாண்ட ஒரு மாட்டுத்தொட்டி. அதுல தேரைங்க குடியிருந்துச்சுங்க. அதுங்களோட சண்டை போடப் போறேன்னு கெளம்பிட்டான்.

அவன் தங்கச்சி பொட்டுக்காரி. நெத்தியில கறுப்பா ஒரு பொட்டு.

"அண்ணே, தேரைங்க உன்ன என்ன செஞ்சுதுங்க?"

"ஒண்ணும் செய்யல. பாடத்துல இருக்கு, போறேன்!"

போனான். பொழுது சாஞ்சுது. வரல. மறுநாளும் வரல.

"புதுசா ஒரு ராஜாவப் போடுங்க!"ன்னா பொட்டுக்காரி. "நிழல் விழுந்தா கத்த ஆளில்ல!"

"எப்படிப் போடுறது?"ன்னாரு வாய்ப்பந்தல் மாமா. "பதினேழாவது ராஜா யாருன்னு பாதிரியார் சொல்லலியே! செவத்தியான் பனியில வருவாருன்னுதான் பாடம். காத்திருக்கறதுதான் முறை!"

"வருவாரு! பனியில வருவாரு!"ன்னு எல்லாரும் காலையில ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ சத்தம் போட்டுச்சுங்க. குளம் முழுக்கக் கேட்டுச்சு. குளத்தோரம் புளியமரத்துல உக்காந்திருந்த நாரைக்கும் கேட்டுச்சு.

மார்கழி. ஒரு நாள் காலையில பஞ்ச அவுத்துக் கொட்டுன மாதிரி பனி. எதிர்ல நிக்கிறவன் தெரியல. அந்தப் பனிக்குள்ளேருந்து ஒரு உருவம் நெட்டையா நடந்து வந்துச்சு.

"யாரு அது?"

"நான்தான் செவத்தியான்."

முந்நூறு தவளையும் மூச்ச நிறுத்திடுச்சு. இதுல ஒரு விஷயம் இருக்கு. அந்தக் குளத்துல ஒரு தவளைகூட நாரைய முகத்துக்கு முகம் பாத்ததில்ல. நிழல் விழும், எல்லாம் குதிச்சுடும். அப்புறம் தண்ணிக்கு அடியிலேருந்து ரெண்டு காலத்தான் பாக்கும். பனியில நிழலும் விழாது.

"ராஜா, கொஞ்சம் உசந்துட்டீங்களே?"

"வெளியூர்த் தண்ணி."

"மூக்கு...?"

"ராஜாகிட்ட மூக்கப் பத்திப் பேசுறது எந்த ஊரு மரியாதை?"

"மன்னிக்கணும். முதுகுல ஏதோ ரெக்கை மாதிரி?"

"தேரைங்ககிட்ட ஜெயிச்சுக் கொண்டாந்தது."

எல்லாரும் கை தட்டுச்சுங்க. தேரைக்கு ஏது ரெக்கைன்னு யாரும் கேக்கல.

பொட்டுக்காரி மட்டும் மொறச்சுப் பாத்தா. "எங்கண்ணனுக்குக் கண்ணு தலைக்கு மேல இருக்கும். இவருக்குப் பக்கவாட்டுல இருக்கு!"

"சண்டைக்குப் போயிட்டு வந்தா கண்ணு கொஞ்சம் நகரத்தாம்மா செய்யும்,"னாரு வாய்ப்பந்தல் மாமா.

நாரை ஒத்தக்கால்ல நின்னுச்சு. "ராஜ்யம்னா மந்திரி வேணும். பனி இருக்கறப்பவே தினம் காலையில ஒருத்தர் தனியா வந்து எம்முன்னாடி நிக்கணும். அப்படியே அரண்மனைக்கு அழைச்சுக்குவேன்."

"அரண்மனை எங்க ராஜா?"

"உள்ளே."

முதல் நாள் கொசுத்துறை மந்திரி போனாரு. ரெண்டாம் நாள் சேத்துத்துறை. மூணாம் நாள் பாசித்துறை. யாரும் வீட்டுக்கு வரல.

"எங்க வீட்டுக்காரரு மந்திரியாயிட்டாரு! நாலு நாளாச்சு, சாப்பிடக்கூட வரல!"

"வேலை அதிகமா இருக்கும்க்கா."

"எங்களுக்கும் ஒரு பதவி கெடைச்சா நல்லாருக்கும். மாமாகிட்ட சொல்லி வைங்க."

பதினோரு பேரு மந்திரியானாங்க. ராஜா கொஞ்சம் குண்டானாரு. பதினோராம் நாளு மத்தியானம் வாய்ப்பந்தல் மாமா அறிவிச்சாரு.

"நாளைக்கு மழைத்துறை மந்திரி, பொட்டுக்காரி! ராஜாவோட தங்கச்சிங்கறதால ரொம்ப நாள் காக்க வைக்கலியாம்!"

போனவங்க யாரும் வரலங்கறத எண்ணி வச்சிருந்தவ பொட்டுக்காரி ஒருத்திதான்.

அதே மத்தியானம், சுள்ளுன்னு வெயில் அடிக்கறப்ப, ரோட்டத் தாண்டிப் புழுதியோட ஒரு தவளை வந்துச்சு. நெட்டக்காலன்!

"தேரைங்களப் பாக்கவே இல்ல! வழியில ஒரு மாட்டுவண்டிக்காரன் தண்ணிப்பானையில விழுந்துட்டேன்! மூணாவது ஊர்லதான் பானையக் கவுத்தான். அங்கேருந்து தத்தித் தத்தி வர்றேன்!"

வாய்ப்பந்தல் மாமா வழிய மறிச்சாரு. "யாரு நீ?"

"மாமா, நான்தான்! நெட்டக்காலன்! செவத்தியான்!"

"பனி எங்க?"

"என்ன பனி?"

"செவத்தியான் பனியிலதான் வருவாரு. வந்தும் ஆச்சு. வெயில்ல வர்றவன் போலி. போ, போ!"

"வேணும்னா பனி விழுந்ததும் மறுபடி வரவா?"

"ஏற்கெனவே ஒருத்தர் இருக்காரு. எடமில்ல!"

பொட்டுக்காரி அண்ணனக் கோரைப்புல்லுக்குள்ள ஒளிச்சு வச்சா. நேரா கல்லு வீட்டுச் சுவத்துக்குப் போனா. அங்க ஒரு பல்லி. எட்டு வருஷமா அதே சுவரு, அதே பாடம்.

"பல்லியக்கா, செவத்தியானுக்கு அப்புறம் என்னாச்சு?"

"நீங்க பதினாறோட நிறுத்திட்டீங்களா? அடப்பாவமே! பதினேழாவது ஒரு கிழட்டு கர்தினால். செபஸ்தியானோட தாத்தாவுக்குத் தம்பி. சாமியாருக்குப் பிள்ளை ஏது? ரெண்டே வருஷம், போயிட்டாரு. உடனே பக்கத்து நாட்டு ராஜா, 'எங்கம்மா உங்க வீட்டுப் பொண்ணுதான்'னு சொல்லிக்கிட்டே படையோட வந்து உக்காந்துட்டாரு. அப்பன், மகன், பேரன்னு மூணு பேரு. அறுபது வருஷம்!"

"செவத்தியான் வரலியா?"

"நாலு பேரு வந்தாங்க, 'நான்தான் செபஸ்தியான்'னு. அதுல ஒருத்தன் பலகாரம் விக்கிறவன்."

"நெஜமானவரு?"

"வரவே இல்ல."

"அப்புறம் யாருதான் வந்தா?"

"யாரும் வரல. அங்க இருந்தவங்களுக்குக் காத்திருந்து அலுத்துப்போச்சு. யோவான்னு ஒரு பிரபு இருந்தாரு. அவரு யோசிச்சுக்கிட்டே இருந்தாரு. இவங்க ஒரு நாள் காலையில அரண்மனைக்குள்ள புகுந்து, பக்கத்து நாட்டுக்காரங்கள வெரட்டிட்டு, அவரக் கூப்பிட்டு உக்கார வச்சாங்க. புது வம்சம்!"

"அன்னிக்குப் பனி இருந்துச்சா?"

"டிசம்பர் மாசம். இருந்திருக்கும். பாடத்துல அதப் பத்தி ஒண்ணுமில்ல."

மறுநாள் காலையில பனி. தவளைங்க கரையில வரிசையா உக்காந்திருந்துச்சுங்க. நாரை ஒத்தக்கால்ல நின்னுச்சு. பொட்டுக்காரி முன்னாடி போனா.

"கிட்ட வாம்மா, தங்கச்சி."

வந்தா.

"இன்னும் கிட்ட."

வந்தா. அலகு மெல்லத் தாழ்ந்துச்சு. தாழ்ந்து, தொறந்துச்சு. உள்ள இருட்டு. அரண்மனை மாதிரி எதுவும் தெரியல.

"கொர்ர்ர்ர்ர்!"ன்னு கத்துனா பொட்டுக்காரி.

தொப் தொப் தொப்புனு அத்தனை தவளையும் தண்ணிக்குள்ள! கத்துனது ராஜாவா, எத்தனாவது ராஜான்னு மூளை கேக்கறதுக்குள்ள காலு குதிச்சு முடிச்சிடுச்சு. பொட்டுக்காரியும் குதிச்சா. நாரை ஒரு வாய் சேத்தக் கவ்வுச்சு.

தண்ணிக்கடியில வாய்ப்பந்தல் மாமா கொந்தளிச்சாரு. "இது சட்டத்துக்கு விரோதம்! ராஜா மட்டுந்தான் கொர் சொல்லலாம்!"

"அப்ப நீங்க ஏன் மாமா குதிச்சீங்க?"

"நான் குதிக்கல. காலு குதிச்சுது."

"சரி. இப்ப மேல பாருங்க!"

எல்லாரும் மேல பாத்துச்சுங்க. தண்ணிக்குள்ள ரெண்டு காலு. நீளமா, செவப்பா, முட்டி வெளிய தெரிய. குளத்துல இருந்த அத்தனை பேருக்கும் பொறந்ததுலேருந்து தெரிஞ்ச காலு.

"மாமா," ஒரு தவளை மெதுவாக் கேட்டுச்சு, "எங்க வீட்டுக்காரரு அங்க வேலைதான பாக்குறாரு?"

வாய்ப்பந்தல் மாமா சேத்துக்குள்ள தலைய நொழைச்சுக்கிட்டாரு. அன்னிக்குப் பதினோரு வீட்டுல ஒரு வக்குகூடக் கேக்கல.

மேல நாரை கூப்பிட்டுப் பாத்துச்சு. "மந்திரி! மழைத்துறை மந்திரி!" ஒருத்தரும் வரல. பதவி ஏத்துக்கிட்டா ரெண்டு துறை தர்றேன்னுச்சு. அப்பவும் வரல. மூணு நாள் பட்டினியா நின்னுட்டுப் பறந்து போயிடுச்சு. ரெண்டு ஊரு தள்ளி இன்னொரு குளத்துல, "இங்க ராஜா யாராவது காணாமப் போயிருக்காரா?"ன்னு விசாரிச்சுதாம்.

கோரைப்புல்லுலேருந்து நெட்டக்காலன் வந்தான். இந்தத் தடவ பனியப் பத்தி அவன யாரும் கேக்கல.

"அப்போ பதினேழாவது ராஜா யாரு?"ன்னாரு வாய்ப்பந்தல் மாமா. குரல் பாதியாத்தான் வந்துச்சு. "பொட்டுக்காரி, நீதானா?"

"ஒரு கொர் சொன்னேன் மாமா, அவ்ளோதான். இனிமே நிழல யாரு முதல்ல பாக்குறாங்களோ அவங்கதான் ராஜா. கத்தி முடிச்சதும் ஆட்சி முடிஞ்சுது!"

காக்கா நிழலுக்கும் மேக நிழலுக்கும்கூடக் கத்திக் கத்தி, அன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள அந்தக் குளத்துல நாப்பத்திரெண்டு ராஜாக்கள் ஆண்டு முடிச்சாங்க, அதுல ஒருத்தனுக்கு இன்னும் வாலே உதிரல.

யாரோ வந்து காப்பாத்துவாங்கன்னு வாய மூடிக்கிட்டுக் காத்திருக்கறவங்க வீட்டுக்கு, அவங்களத் திங்கறவன்தான் காப்பாத்துறவன் பேரச் சொல்லிக்கிட்டு முதல்ல வந்து சேருவான்.