கிணற்றில் பாதி விழுந்த ராஜகுமாரன்

ஊசிக்குளத்தில் புத்தி குறைந்தவர் என்று யாரையும் தனியாகக் காட்ட முடியாது. அந்தக் குறை ஊருக்கே சமமாகப் பங்கிடப்பட்டிருந்தது. சடையப்பன் வீட்டுக்கு மட்டும் பங்கு கொஞ்சம் தாராளம்.

அந்த வீட்டில் சாயங்கால வேளையில் இருப்பவர்கள் சடையப்பன், அவருடைய தம்பிகள் மாசிலாமணி, இருளப்பன், மகள் கோமளா. கோமளாவின் அம்மாவுக்கு மில்லில் மாலை ஷிப்ட்.

கோமளா ஒன்றாம் வகுப்பில் சேர்ந்ததும் டீச்சர் சடையப்பனைக் கூப்பிட்டு, ஒரு பழைய கதைப் புத்தகத்தைக் கொடுத்தார்.

"வீட்ல பிள்ளைக்கு இதை வாசிச்சுக் காட்டுங்க. நல்லா உரக்க வாசிக்கணும். அவசரமில்ல, தினம் ஒரு பக்கம் போதும்."

சடையப்பனுக்கு வாசிக்கத் தெரியும், குரல் எழும்பாது. இருளப்பனுக்குக் குரல் உண்டு, எழுத்து தெரியாது. ஆகவே அண்ணன் தம்பியின் காதில் மெல்ல வாசிப்பார், தம்பி அதை ஓடு அதிரச் சொல்வான். போதுமான அளவு உரக்க இருக்கிறதா என்று பார்க்க மாசிலாமணி தெருமுனையில் நிற்பான். கேட்டால் துண்டை ஆட்டுவான். நடுவில் கோமளா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கதை நன்றாக இருந்ததால் எழுந்து போகவில்லை.

அது ஒரு ராஜகுமாரனின் கதை. ஒரு நாள் பக்கத்தின் கடைசி வரி இப்படி வந்தது: 'ராஜகுமாரன் கால் தவறிப் பாழுங்கிணற்றுக்குள்.' சடையப்பன் புத்தகத்தை மூடிவிட்டார்.

"அப்பா, திருப்புங்கப்பா. விழுந்துட்டானா?"

"டீச்சர் ஒரு பக்கம்னுதானம்மா சொன்னாங்க."

"அப்போ நாளைக்கு வரைக்கும் அவன் எங்க இருப்பான்?"

பெரியவர்கள் யோசித்தார்கள்.

"அந்தரத்துல," என்றான் இருளப்பன்.

அன்று யாருக்கும் சோறு இறங்கவில்லை. மறுநாள் முதல் வரியிலேயே ராஜகுமாரன் விழுந்து முடித்தான். கடைசி வரியில் ஒரு புலி வந்து கிணற்றை எட்டிப் பார்த்தது.

அதற்கு அடுத்த நாள் புத்தகத்தைத் திறக்கச் சடையப்பனுக்குக் கை வரவில்லை.

"அண்ணே, யோசிச்சுப் பாருங்க," என்றான் மாசிலாமணி. "அரண்மனையில சும்மா இருந்த பையன். நாம வாசிச்சதாலதான் குதிரை ஏறினான். நாம வாசிச்சதாலதான் விழுந்தான். இன்னிக்கு வாசிச்சோம்னா புலி உள்ள இறங்கிடும்."

"வாசிக்காம விட்டா?"

"பையன் பட்டினி கிடப்பான்."

கோமளாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "சித்தப்பா, அவன் மேல வருவானா மாட்டானா, அதை மட்டும் பாத்துச் சொல்லுங்க."

"பாக்குறதுதான் கண்ணு ஆபத்தே."

இருளப்பன்தான் வழி கண்டுபிடித்தான். "வண்டி சேத்துல இறங்கிட்டா என்ன செய்வோம்? பின்னால தள்ளுவோம்ல. கதையையும் பின்னால தள்ளிப் பாப்போம்."

அப்படியே செய்தார்கள். தினம் ஒரு பக்கம், கீழ் வரியிலிருந்து மேல் வரிக்கு. புலி பின்வாங்கிக் காட்டுக்குள் போயிற்று. ராஜகுமாரன் கிணற்றுக்குள்ளிருந்து எழும்பி வந்து கரையில் நின்றான். தெருமுனையில் மாசிலாமணி துண்டை மேலே எறிந்து பிடித்தான்.

மீட்ட பையனைக் காட்டில் விட மனமில்லாமல், வீடுவரை கொண்டுபோய் விடலாம் என்று மேலும் வாசித்தார்கள். குதிரை பின்புறமாகவே நடந்து அரண்மனை சேர்ந்தது. அங்கே நிறுத்தியிருக்கலாம். பழக்கதோஷம், வாசித்துக்கொண்டே போனார்கள். பையனுக்கு மீசை போயிற்று, பல் போயிற்று, தவழ்ந்தான், தொட்டிலில் கிடந்தான். முதல் பக்கத்தின் முதல் வரிக்கு வந்தபோது ராஜாவுக்குப் பிள்ளையே இல்லை.

"கிணத்துலயாவது இருந்தான்," என்றாள் கோமளா. "நீங்க மூணு பேரும் சேர்ந்து அவனை இல்லாமலே ஆக்கிட்டீங்க."

பிள்ளை வேண்டுபவர்கள் அம்மன் கோயில் வேப்பமரத்தில் மரத்தொட்டில் கட்டுவார்கள். ராஜாவால் ஊசிக்குளம் வரமுடியாது என்பதால் அவருக்காக இவர்களே கட்டினார்கள். பிறகு புத்தகத்தைப் பட்டுத்துணியில் சுற்றி, பத்து மாதம் யாரும் தொடக்கூடாது என்று பரணில் வைத்தார்கள். சத்தம் ராணிக்கு ஆகாது என்று இருளப்பன் ஜாடையில் பேசினான். ஏழாம் மாதம் புத்தகத்துக்கு வளைகாப்பு நடந்தது. தெருப் பெண்கள் வந்து அட்டைக்குச் சந்தனம் பூசி, "முகம் களைச்சிருக்கு, பையன்தான்," என்று சொல்லி, புளியோதரை சாப்பிட்டுப் போனார்கள்.

இதற்குள் கோமளா எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். ஒரு சாயங்காலம் பெரியவர்கள் வாசலில் இருந்தபோது, பரணில் ஏறிக் கடைசிப் பக்கத்தைப் பிரித்து, விரல் வைத்து வாசித்தாள். வாசலுக்கு ஓடி வந்தாள்.

"அப்பா, அவன் மேல வந்துட்டான். ரத்தினபுரி ராஜா பொண்ணோட கல்யாணமே ஆயிருச்சு."

சொல்லிவிட்டு நிம்மதியாக ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தாள். மற்ற மூவருக்கும் முகம் வெளிறிவிட்டது.

"அவன் இன்னும் பொறக்கவே இல்லையே," என்றார் சடையப்பன்.

"பொறக்காதவனுக்குப் பொண்ணு குடுத்திருக்காங்க," என்றான் மாசிலாமணி. "யாரும் விசாரிக்கலையா?"

"தெரிஞ்சும் சொல்லாம இருந்தா பாவம்ணே," என்று, பல மாதங்களுக்குப் பிறகு இருளப்பன் வாய் திறந்தான்.

மில்லிலிருந்து கோமளாவின் அம்மா வந்ததும் பிள்ளையை ஒப்படைத்துவிட்டு, மூவரும் சலவை வேட்டி கட்டிக்கொண்டு பஸ் ஏறினார்கள். கண்டக்டரும் ஊசிக்குளத்துக்காரர்தான்.

"ரத்தினபுரி மூணு," என்றார் சடையப்பன்.

"அது எங்க இருக்கு?"

"ஏழு கடல் தாண்டி."

கண்டக்டர் டிக்கெட் கட்டைப் புரட்டிப் பார்த்தார். டிரைவரிடம் போய் ஏதோ கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

"இந்த வண்டி ஆறாவது கடலோட திரும்பிடும்," என்றார். "அங்க இறங்கி வேற வண்டி மாறிக்குங்க."