சூடு இறங்கின கல்லு

ஓ.பி. வரிசையில நின்ன முத்துப்பேச்சி அப்படியே சரிஞ்சு விழுந்தா. உடம்பு தெப்பலா நனைஞ்சிருக்கு. சர்க்கரை நாப்பத்திரெண்டுக்கு இறங்கியிருக்கு!

குளுக்கோஸ் ஏறிக் கண்ணு முழிச்சவ டாக்டர் இம்மானுவேலைத்தான் முதல்ல பார்த்தா.

"நீங்க எழுதின அளவுதான்யா இன்சுலின் போட்டேன். சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன்."

பொய்யில்ல. போன மாசச் சீட்டுல அவரு கையெழுத்துலயே இருக்கு: 'அதே மருந்து தொடரவும்.' கூட்டமான ஓ.பி.ல எல்லா டாக்டரும் எழுதுறதுதான்.

இம்மானுவேலுக்கு வயசு ஐம்பத்தாறு. முப்பது வருஷம் ஊர்ல கிளினிக் நடத்தினவரு, சர்க்கரையையும் தைராய்டையும் ஒழுங்காக் கத்துக்கணும்னு டாக்டர் நூர்ஜகான்கிட்ட வந்து சேர்ந்தாரு. அந்தம்மாவுக்கு முப்பத்தெட்டு.

"மேடம், நான் ஊருக்கே போயிடறேன்."

"ஏன் சார்?"

"முத்துப்பேச்சிக்கு நாலு மாசம் முன்னாடி இருபத்தெட்டு யூனிட் போட்டும் சர்க்கரை அசையல. இன்னிக்கு அதே இருபத்தெட்டு ஆளையே சாய்ச்சிருச்சு. துள்ளிட்டிருந்த அவ தைராய்டுகூட மாத்திரையில நல்லா அடங்கிருச்சு. அப்புறம் எதை நான் கோட்டை விட்டேன்?"

"டிபன் ஆச்சா?"

நேரா கேன்டீன். தோசைக்கல்லுக்கு முன்னாடி நின்ன பரமசிவத்துக்கிட்ட நூர்ஜகான், "அண்ணே, சார் கொஞ்சம் தண்ணி தெளிக்கட்டும்"னாங்க.

"சரிதான். அப்ப ஊசியை நான் போய்ப் போடவா?" பரமசிவம் சிரிச்சாரு.

இம்மானுவேல் ஒரு கை தெளிச்சாரு. சொய்ங்! காணோம். ரெண்டு கை. காணோம்.

"பத்தாதுங்க, கல்லு காயுது. ஒரு டம்ளர் ஊத்துங்க"ன்னாரு பரமசிவம். ஊத்தினாரு. அதுவும் ஆவியாப் போச்சு.

நூர்ஜகான் அடுப்பைக் குறைச்சாங்க. ரெண்டு டீ வந்துச்சு. மெதுவாக் குடிச்சாங்க. அதுக்குள்ள பரமசிவம் கல்லு ஓரத்துல ஒரு தோசை ஊத்தியிருந்தாரு.

"இப்ப ஊத்துங்க சார். அதே டம்ளர்."

தண்ணி குளமா நின்னுச்சு. பக்கத்துல வெந்துட்டிருந்த தோசை ஊறிக் கூழாச்சு.

"ஐயோ சாமி! கல்லு சூடு இறங்கினது தெரியலயா?" பரமசிவம் கத்தினாரு.

இம்மானுவேல் டம்ளரைக் கீழ வைக்கல.

"தைராய்டு எகிறினப்ப போட்ட இன்சுலின் சீக்கிரமே காலியாச்சு. ஈரல் வேற சர்க்கரையைக் கொட்டுச்சு. அதான் ஏத்திக்கிட்டே போனேன். தைராய்டு அடங்கினப்புறம்..." கல்லைப் பார்த்தாரு. "நானே மாத்திரை குடுத்து அடக்கிட்டு, நானே 'அதே மருந்து'ன்னு எழுதியிருக்கேன்."



அவரு சட்டைப் பையிலேர்ந்து பேனாவை எடுத்தாரு. "நாளைலேர்ந்து எத்தனை யூனிட் எழுதட்டும் மேடம்?"

"கல்லு இப்ப எவ்வளவு சூடு சார்?"

இம்மானுவேல் பேனாவை மூடினாரு. சர்க்கரையையும் தைராய்டையும் மறுபடி பார்க்க முத்துப்பேச்சி கட்டிலுக்கு நடந்தாரு.