ஒரு மதகு, இரண்டு பூட்டுகள்

ஒரு மாவட்டத்தை இரண்டாகப் பிரித்தார்கள். பிரித்தவர்கள் யாரும் சிறுதாழை ஊரைப் பார்த்ததில்லை. வரைபடத்தில் அவர்கள் இழுத்த கோடு அந்த ஊர் ஏரிக்குள் புகுந்து, சரியாக மதகின்மேல் ஏறி இறங்கியது. கரைக்குக் கீழே இருந்த ஊர் பழைய மாவட்டத்தில் நின்றது. மதகைத் திறந்தால் தண்ணீர் பாயும் வயல்கள் புதிய மாவட்டத்துக்குப் போயின.

மதகு யாருக்கு? இரண்டு அலுவலகங்களும் விட்டுக்கொடுக்கவில்லை. மதகின் இரும்புக் கதவுக்கு ஆளுக்கொரு பூட்டுப் போட்டன. இரண்டையும் திறந்தால்தான் கதவு நகரும்.

கார்த்திகை மழையில் ஏரி தளும்பியது. கரையில் ஓரிடம் கசிந்து, மண் பெயர்ந்து விழத் தொடங்கியது. அதற்கு நேர் கீழே ஊரின் கடைசித் தெரு. அந்தத் தெருவின் வார்டு உறுப்பினர் பவுனம்மாள் பழைய மாவட்ட அதிகாரிக்குப் போன் செய்தாள்.

“நாங்க முதல்ல திறந்தா, வர்ற சேதமெல்லாம் எங்க தலையில விழும்மா. அவங்க திறக்கட்டும், பின்னாடியே நாங்க வர்றோம்.”

புதிய மாவட்ட அதிகாரி சிரித்தே விட்டார். “ஏரி ரொம்பினது உங்க பக்கத்து மழையிலம்மா. எங்களை ஏன் கேக்கறீங்க?”

“மழை மாவட்டம் கேட்டுட்டா சார் பெய்யுது? தெருவுல புள்ளைங்க இருக்குதுங்க!”

“எழுதிக் குடுங்க, மேல அனுப்பறேன்.”

பவுனம்மாள் போனை வைத்தாள். கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு கரையேறினாள். மதகுக்குக் கீழே வயல் வைத்திருந்த கோதண்டம் ஓடி வந்து மறித்தார்.

“வேணாம் பவுனு. கதிர் வாங்குற நெல்லு, அத்தனையும் போயிடும்.”

“கரை உடைஞ்சா ஆளுங்க போயிடுவாங்கண்ணே.”

“எனக்குத் தெரியாதா? அதுக்கு என் வயல்தான் கிடைச்சுதா?”

அவள் அவரைச் சுற்றிக்கொண்டு போனாள். இரண்டு பூட்டுகளையும் உடைத்துக் கதவைத் தூக்கினாள். தெரு பிழைத்தது. கோதண்டத்தின் நெல் மூழ்கியது.

கூப்பிட்டபோது வராத அதிகாரிகள் இருவரும் மறுநாள் காலையில் ஆளுக்கொரு ஜீப்பில் வந்தார்கள்.

“எங்க பூட்டை உடைச்சிருக்கே. கேஸ் எங்க ஸ்டேஷன்லதான்” என்றார் ஒருவர்.

“அது எங்க மதகு சார். இந்தம்மா எங்க வண்டியில ஏறட்டும்” என்றார் மற்றவர்.

“என் நெல்லுக்கு யாரு பதில் சொல்றது?” என்று சேற்றுக்காலோடு வந்து நின்றார் கோதண்டம்.

பவுனம்மாளைக் குற்றம் சாட்ட மூன்று பேர் நிற்கிறார்கள். அந்த உரிமை இவர்களில் யாருக்கு உண்டு? நீங்களே சொல்லுங்கள்.

விடை: அதிகாரிகள் இருவருக்கும் இல்லை. பூட்டு என்னுடையது என்று சொல்கிறவர், அதைத் திறந்திருக்க வேண்டியவரும் நான்தான் என்று ஒப்புக்கொள்கிறார். ஆபத்து வந்தபோது கைகழுவிய மதகை, வழக்குப் போடுவதற்காகச் சொந்தம் கொண்டாட முடியாது. கோதண்டத்துக்கு உரிமை உண்டு. அவர் நெல் போனது நிஜம், அவள் கையால் போனதும் நிஜம். பவுனம்மாள் அதை மறுக்கவில்லை. “நான்தாண்ணே திறந்தேன்” என்றாள். பிறகு ஜீப்புகளுக்குக் குறுக்கே போய் நின்றுகொண்டாள்.

“கேஸை எந்த ஸ்டேஷன்ல வேணா போடுங்க. என்னைத் திறக்க வெச்சது நீங்க ரெண்டு பேரும். இவருக்குப் பதில் சொல்லிட்டு வண்டியை எடுங்க.”